எடுத்த மச்சம் எங்கே?

பழைய பள்ளிச் சான்றிதழ்களைப் புரட்டினால் ‘அங்க அடையாளங்கள்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு மச்சம் உட்கார்ந்திருக்கும். இடது கன்னத்தில் ஒன்று, வலது முழங்கைக்கு மேலே ஒன்று என்று வகுப்பாசிரியர் அவசரத்தில் தேடிப் பிடித்து எழுதியது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் அதே கேள்வி உண்டு. வளைகுடாவுக்குப் போய்வருகிறவர்கள் நிறைந்த, கொச்சியின் மட்டாஞ்சேரியில், மச்சம் எடுக்க வந்தவர் தோல் மருத்துவரிடம் “பாஸ்போர்ட்ல ஏதாவது சிக்கல் வருமா டாக்டர்?” என்று கேட்டால் சிரிக்க முடியாது. வராது. புகைப்படமும் விரல்ரேகையும் வந்துவிட்ட காலத்தில் கன்னத்து மச்சத்தை யாரும் தேடுவதில்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: “எடுத்த துண்டை என்ன செய்யப் போகிறீர்கள்?” பெரும்பாலோர் அதைக் கேட்பதே இல்லை.

மட்டாஞ்சேரி என்றால் பஜார் ரோட்டின் மிளகு, சுக்கு மூட்டைகள், 1568-ல் கட்டிய பரதேசி யூதக் கோயில், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எல்லாம் கலந்து கேட்கும் தெருக்கள். இங்கே மலையாளத்தில் மூன்று பெயர்கள் தனித்தனியாகப் புழங்குகின்றன: தொங்கும் சதைக்குப் பாலுண்ணி, சொரசொரப்பான வைரஸ் மருவுக்கு அரிம்பாறை, மச்சத்துக்கு மறுகு. தமிழில் நாம் முதல் இரண்டையும் ‘மரு’ என்று ஒரே பேரில் முடித்துவிடுகிறோம். மூன்றும் மூன்று வெவ்வேறு சங்கதிகள். எடுக்கும் முறையும் வேறு, எடுத்தபின் செய்ய வேண்டியதும் வேறு.

சுலபமானதில் தொடங்கலாம். நாற்பதைத் தாண்டிய சிலரின் கழுத்தைச் சுற்றி மிளகைத் தூவியதுபோல் சின்னச் சின்னச் சதைத் துணுக்குகள் தொங்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் வரும், சங்கிலியிலும் சட்டைக் காலரிலும் மாட்டி இழுபடும். கொலாஜன் இழைகள், சிறிது கொழுப்பு, ஒன்றிரண்டு நுண்ணிய ரத்தக்குழாய்கள், மேலே மெல்லிய தோல் உறை, கீழே ஒரு காம்பு. அவ்வளவுதான் பாலுண்ணி. அது தொற்றாது. புற்றுநோயாக மாறுவது அரிதிலும் அரிது. இப்படிச் சாதுவான ஒன்று ஏன் சிலருக்கு மட்டும் கொத்துக் கொத்தாக வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உராய்வு ஒரு காரணம். கர்ப்பகாலமும் பரம்பரையும் உண்டு. முக்கியமான காரணம் இன்சுலின். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. ரத்தத்தில் மிதமிஞ்சிய இன்சுலின், தோல் செல்களின் வளர்ச்சி ஏற்பிகளையும் தூண்டிவிடுகிறது. தோல் தடித்துக் கறுக்கிறது, துணுக்குகள் முளைக்கின்றன. கழுத்தின் பின்புறம் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத கறுப்பும் அதன் மேல் பாலுண்ணிகளும் சேர்ந்து இருந்தால், அனுபவமுள்ள மருத்துவர் கருவியை எடுப்பதற்கு முன் சர்க்கரைப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதுவார். அழகுக்காக வந்தவருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் சென்னை மருத்துவர்கள் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் முதலியோர் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான நாடளாவிய ஆய்வைப் பாருங்கள்: இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, பெரியவர்களில் 11.4 சதவீதம். கேரளத்தில் அது 25.5 சதவீதம். கோவாவுக்கும் புதுச்சேரிக்கும் அடுத்த இடம். நாலில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் மாநிலத்தில் கழுத்துத் துணுக்கைப் பார்த்துச் சர்க்கரையை நினைக்காத மருத்துவர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

மச்சத்தின் கதை வேறு. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்கள் கருவில் நரம்பு மண்டலத்தோடு பிறந்து, பிறகு தோலுக்குக் குடிபெயர்ந்தவை. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். செல் செய்யும் நிறமித் துகளின் அளவும் தன்மையும்தான் வேறுபடுகின்றன. வழக்கமாக இந்தச் செல்கள் தள்ளித் தள்ளி இருக்கும். ஏதோ ஒன்றில் ‘பிராஃப்’ என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டால், அந்தச் செல் விடாமல் பிரிய ஆரம்பிக்கிறது. பெரும்பாலான மச்சங்களில் இந்த மாற்றம் இருப்பதை 2003-ல் கண்டுபிடித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் மாற்றமும் இதே. அப்படியானால் மச்சம் ஏன் புற்றாவதில்லை? சில மில்லிமீட்டர் வளர்ந்ததும் செல்லுக்குள்ளேயே ஒரு தடை விழுந்து, பிரிவது நின்றுவிடுகிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2005-ல் இதை விளக்கினார்கள். முடுக்கியும் தடையும் ஒரே செல்லுக்குள் சமமாக நிற்கும் நிலைதான் நாம் மச்சம் என்று சொல்லி, பஞ்சாங்கத்தில் பலன் தேடும் புள்ளி.

மச்சத்துக்கு வயதும் உண்டு. சிறு வயதில் தட்டையாகக் கறுப்பாகப் பிறக்கும். நடுவயதில் செல்கள் உள்ளே இறங்க, மேலே மேடாகும். பின்னர் நிறம் வெளுத்து மெத்தென்ற சதை முண்டாகி, முதுமையில் சில மறைந்தும் போகும். ஆகவே மேடாவது மட்டுமே ஆபத்தின் அறிகுறி ஆகாது. அறுபது வயதில் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி முளைத்தால்தான் யோசிக்க வேண்டும். இன்னொன்று: மெலனோமாக்களில் சுமார் 30 சதவீதம்தான் ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து கிளம்புகிறது. மற்றவை வெறும் தோலில் தோன்றுகின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று உடம்பில் உள்ள மச்சங்களையெல்லாம் எடுத்துவிடுவதால் புற்றுநோயைத் தடுத்துவிட முடியாது.

டாக்டரிடம் வருமுன் நம்மவர்கள் வீட்டில் செய்து பார்ப்பவை தனி அத்தியாயம். அவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை; அவற்றுக்குள் இருக்கும் வேதியியல் அவ்வளவு சுவையானது. வெற்றிலைச் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மச்சத்தில் வைப்பது பரவலான வழக்கம். சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு, சோடா சோடியம் கார்பனேட். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிய, மிஞ்சுவது காஸ்டிக் சோடா. சோப்புத் தொழிற்சாலையில் கொழுப்பைச் சோப்பாக்கும் அதே பொருள், இங்கே கன்னத்துக் கொழுப்பைச் சோப்பாக்குகிறது. அமிலம் பட்ட தோல் பெரும்பாலும் உறைந்துபோய், அமிலம் மேலும் இறங்காமல் தானே ஒரு தடுப்பாகிவிடும். காரம் அப்படியில்லை. திசுவைக் கரைத்துக்கொண்டே கீழே போகும். துடைத்த பிறகும் வேலை செய்யும். மச்சம் போய்விடும், கூடவே ஒரு பள்ளமும் வரும்.

சுஸ்ருத சம்ஹிதையும் இதே போன்ற காரத்தைத்தான் பயன்படுத்தியது. மச்சம், மரு போன்றவற்றைக் கத்தியால் சீவி, காரத்தாலோ நெருப்பாலோ சுட வேண்டும் என்பது அதன் முறை. ஆனால் காரம் வேலை செய்த பின் புளிப்பான பொருளை ஊற்றி அதை அடக்கவும் அந்நூல் சொல்கிறது. எப்போது நிறுத்துவது என்பது அந்தக் காலத்து வைத்தியருக்குத் தெரிந்திருந்தது. சமையலறையில் கண்ணாடி முன் நிற்பவருக்கு அது தெரியாது.

முந்திரி ஓட்டு எண்ணெய் இன்னொரு வழி. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து இந்தக் கரைக்குக் கொண்டுவந்த மரம் என்பதால்தான் மலையாளத்தில் அதற்குப் பறங்கிமாவு என்று பேர். ஓட்டில் இருக்கும் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைக் கொப்பளிக்க வைக்கும். அதன் சொந்தக்காரனான சேராங்கொட்டையும் அப்படியே. ஒரு காலத்தில் வெள்ளாவித் துணிக்குக் குறி போட அதன் சாறுதான் மை. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்டையில் குறி இருந்த இடத்தில் மட்டும் தோல் வெந்து கொப்பளித்தது. சலவைக் குறி ஒவ்வாமை என்று மருத்துவர்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே, ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதியில் டோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் வந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். குறிபோடும் சாற்றின் குணத்தை மருத்துவ இதழ்களுக்கு முன்பே அறிந்தவர்கள் இந்தத் தொழிலில் இருந்தவர்கள்தான்.

அம்மான் பச்சரிசிப் பாலை மருவில் தடவுவது தமிழ்நாட்டில் பாட்டிமார் வைத்தியம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளலாம். இதே யூஃபோர்பியா இனத்தைச் சேர்ந்த ஒரு களைச்செடியின் பாலை ஆஸ்திரேலியர்களும் தோல் கோளாறுகளுக்குத் தடவிவந்தார்கள். அதிலிருந்து இன்ஜெனால் மெபுடேட் என்ற மருந்து பிறந்து, 2012-ல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. ஆனால் தடவிய இடத்தில் தோல் புற்றுநோய் கூடுகிறதோ என்ற ஐயம் எழுந்ததால், 2020-ல் ஐரோப்பா அதை நிறுத்தியது. கிராமத்துக் கைவைத்தியமும் மருந்துக் கம்பெனியின் களிம்பும் ஒரே இடத்தில் இடறியது எனக்கு ஒரு நல்ல பாடமாகப் படுகிறது. பாலுண்ணியின் காம்பில் குதிரை வால் முடியைக் கட்டும் இன்னொரு வழக்கம் மட்டும் தத்துவ அளவில் சரி. காம்புள்ள பாலுண்ணியின் ரத்த ஓட்டம் நின்றால் அது கறுத்து உதிரும். காம்பில்லாத மச்சத்தில் முடியைக் கட்டி, சீழ் பிடித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் வழக்கமாக நடப்பது.

இப்போது இதே வேலையைக் கூரியரில் வரும் களிம்பும், பேனா போன்ற தீய்க்கும் கருவியும் செய்கின்றன. மச்சத்தையோ பாலுண்ணியையோ எடுக்கத் தானே வாங்கிப் போடத்தக்கது என்று ஒரு மருந்தைக்கூடத் தாங்கள் அங்கீகரிக்கவில்லை என அமெரிக்க எஃப்.டி.ஏ. 2022 ஆகஸ்டில் அறிவித்து, விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அழகு நிலையங்களிலும் அந்தப் பேனா புகுந்துவிட்டது. தீய்ப்பது கடினமான கலை இல்லை என்பதால்தான் அது அவ்வளவு சுலபமாகப் பரவுகிறது.

தோல் மருத்துவர் முதலில் கையில் எடுப்பது தீய்க்கும் கருவியை அல்ல. டெர்மாஸ்கோப் என்ற, உள்ளங்கையில் அடங்கும் உருப்பெருக்கியை. பத்து மடங்கு பெரிதாக்கும். முனைவாக்கப்பட்ட ஒளி தோலின் பளபளப்பை விலக்கி, கொஞ்சம் உள்ளே காட்டும். வெறும் கண்ணுக்குக் கறுப்புப் புள்ளியாக இருந்தது இப்போது வலைப்பின்னலாகவோ உருண்டைகளாகவோ பிரிந்து தெரியும். நம் பெண்களின் கன்னத்தில் முப்பதுக்கு மேல் வரிசையாக வரும் கடுகளவுக் கறுப்புகளில் பல மச்சமே அல்ல, மேல்தோல் தடிப்புகள். கொழும்பில் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, பின்னாளில், 1925-ல் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். கருமையான தோலுக்கே உரியது, ஒரு கெடுதலும் இல்லை. லேசாகத் தீய்த்தாலே போதும், வெட்டவே வேண்டாம். வெட்டினால் தழும்புதான் மிச்சம்.

பார்த்து முடித்தபின் வேலை வேகமாக நடக்கும். கழுத்துப் பாலுண்ணி என்றால் மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் உறையை ஒட்டி, ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். பெரிதாக இருந்தால் இன்சுலின் ஊசி போன்ற மெல்லிய ஊசியால் லிக்னோகெய்ன். 1943-ல் ஸ்வீடனில் உருவான இந்த மருந்து இல்லாமல் இன்று பல்லும் பிடுங்க முடியாது, மச்சமும் எடுக்க முடியாது. துடைக்கப் பெரும்பாலும் பழுப்பு நிற அயோடின் கரைசல். ஸ்பிரிட் பூசினால் அது முழுதும் காயும்வரை பொறியைக் காட்டக்கூடாது, பற்றிக்கொள்ளும். இடுக்கியால் துணுக்கைத் தூக்கிப் பிடித்து, வளைந்த கத்தரியால் அடியில் ஒரே வெட்டு. அல்லது கம்பி வளையத்தால் ஒரே இழுப்பு. அந்த வளையத்தில் பாய்வது நொடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டம். கம்பி சுடுவதில்லை, தோல் செல்லுக்குள் இருக்கும் நீர் கொதித்துச் செல் வெடிக்கிறது. மெலிதாகப் புகை, முடி கருகும் வாடை. வைரஸ் மருவாக இருந்தால் அந்தப் புகையிலும் வைரஸ் இருக்கலாம் என்பதால் முகக்கவசமும் புகை உறிஞ்சியும் வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மின்சாரத்தால் அறுத்து ரத்தத்தை நிறுத்தும் இந்த வித்தையை வில்லியம் போவி என்பவரின் கருவியைக் கொண்டு ஹார்வி குஷிங் 1926-ல் பாஸ்டனில் மூளை அறுவையில் தொடங்கிவைத்தார். மூளைக்கு வந்தது, கழுத்துத் துணுக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் நோயாளிகள் லேசர் என்றே சொல்வார்கள். உண்மையான கார்பன் டை ஆக்சைடு லேசரும் உண்டு. பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்த குமார் படேல், 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதை உருவாக்கினார். அதன் அகச்சிவப்புக் கதிரை நீர் ஆவலாக உறிஞ்சிக்கொள்வதால், தோலை அடுக்கடுக்காக ஆவியாக்கலாம். துல்லியமான கருவி. அதன் குறையும் அந்த ஆவியில்தான் இருக்கிறது. ஆவியான மச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியாது.

மேல்நாட்டில் அதிகம் கையாளும் உறைய வைக்கும் முறை, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன், நம் தோலுக்கு அவ்வளவு பொருந்தாது. நிறமிச் செல்கள் மைனஸ் 4, 5 டிகிரியிலேயே செத்துவிடும். மற்றத் தோல் செல்களைக் கொல்ல மைனஸ் 20-க்குக் கீழே போக வேண்டும். மரு போகும்போது அந்த இடத்து நிறமும் போய், மாநிறத்தில் ஒரு வெள்ளை வட்டம் நின்றுவிடலாம். தீய்த்தால் நேர்மாறு: புண் ஆறிய இடம் சில மாதங்கள் கறுத்துத் தெரியும். பொருக்கை நகத்தால் பெயர்க்காமல், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் அது மெல்ல மங்கும். மார்பு, தோள், காது மடல் ஆகிய இடங்களில் தழும்பு புடைத்து வளரும் கீலாய்டு நம் தோலுக்கு அதிகம். ஏற்கெனவே காது குத்திய இடத்தில் அப்படி வந்திருந்தால், மார்பு மச்சத்தை அழகுக்காக எடுக்காமல் விடுவதே மேல் என்பது என் கட்சி.

இனி, எடுத்த துண்டு. இந்தியாவில் மெலனோமா மிக அரிது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. இந்த நல்ல செய்திதான் நம்மை அலட்சியமாக்குகிறது. நமக்கு வரும்போது அது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் கட்டைவிரல் நகத்தடியில் தெரிந்ததும் இதே வகைதான். 1981 மே மாதத்தில், 36 வயதில் இறந்தார். கேரளத்தில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் கறுப்பாக ஒரு புண் வந்தால், எல்லோரும் சர்க்கரைப் புண் என்றே கட்டுப்போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆறாத கறுப்புப் புண்ணிலிருந்து சிறு துண்டை எடுத்து அனுப்புவது பலருக்குத் தோன்றுவதில்லை.

உள்ளங்காலில் இருக்கும் மச்சத்தை டெர்மாஸ்கோப்பில் பார்ப்பது இந்தத் துறையின் அழகான காட்சிகளில் ஒன்று. கைரேகை போலப் பாதத் தோலிலும் வரப்பும் பள்ளமும் மாறி மாறி ஓடுகின்றன. சாதாரண மச்சத்தில் நிறம் பள்ளங்களில் கோடு கோடாக இறங்கியிருக்கும். மெலனோமாவில் வரப்புகளின் மேல் பட்டையாக ஏறியிருக்கும். ஜப்பானிய மருத்துவர் தோஷியாகி சைதாவும் அவரது சகாக்களும் நிறுவிய விதி இது; ஜப்பானியருக்கும் நம்மைப் போல இந்த வகைதான் அதிகம். மற்ற இடங்களுக்கு நியூயார்க் மருத்துவர்கள் 1985-ல் வகுத்த பட்டியல் இருக்கிறது: இரு பாதியும் ஒத்துப்போகாமை, ஓரம் சிதறியிருத்தல், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். மாறிக்கொண்டே இருத்தல் என்ற ஐந்தாவதைப் பின்னால் சேர்த்தார்கள். எனக்கு ஐந்தாவதுதான் மற்ற நான்கையும்விடப் பெரிதாகப் படுகிறது.

சந்தேகம் இருந்தால் தீய்க்கவும் கூடாது, ஆவியாக்கவும் கூடாது. சுற்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலோடு கத்தியால் முழுதாக எடுத்து, தையல் போட்டு, துண்டை ஃபார்மலின் புட்டியில் போட்டு நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற ஒரே அளவை வைத்துத்தான் அடுத்த சிகிச்சை பெரும்பாலும் தீர்மானமாகும். தீய்ந்த கரியில் அந்த அளவைப் பார்க்க வழியில்லை. சாதாரணக் கழுத்துப் பாலுண்ணியைக் குப்பையில் போடலாம், தவறில்லை. நிறமுள்ள எதையும் போடக்கூடாது.

கடைசியாக, மேலோட்டமாகச் சீவியெடுத்த மச்சம் சில மாதங்களில் திரும்பத் தலைகாட்டுவது உண்டு. முடி வேரோடு ஒட்டி ஆழத்தில் தங்கிய செல்கள் தழும்புக்குள் ஏறி வருகின்றன. ஓரம் கோணலாக, நிறம் திட்டுத் திட்டாக, பார்ப்பதற்கு மெலனோமா போலவே இருக்கும். நுண்ணோக்கியிலும் அப்படியே ஏமாற்றும். 1975-லேயே இதற்குப் போலி மெலனோமா என்று பேர் வைத்துவிட்டார்கள். அழகு நிலையத்தில் தீய்த்துக்கொண்டதை வெட்கப்பட்டு மறைத்தவருக்கு இல்லாத புற்றுநோய்க்கு அறுவை நடக்கலாம். பழைய அறிக்கை இல்லாததால், இருக்கும் புற்றைத் தழும்பு என்று விட்டுவிடவும் கூடும். அதனால் நோயியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைப்பதற்கு முன், துண்டோடு வந்த சீட்டில் ஒரு வரியைத் தேடுவார்: இதே இடத்தில் இதற்கு முன் ஏதாவது எடுத்தார்களா, எப்போது, எதைக் கொண்டு.